தம்பி கேட்டு வந்த ஃபத்வா

மயிலாப்பூர்
12 நவம்பர் 2024

தௌசீஃப்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். "அன்புள்ள தம்பி" என்று தொடங்க இன்றைக்குக் கை வரவில்லை.

இந்தக் காலத்தில் லாத்தா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நேற்றுக் காலை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். மறுபடி கேட்கலாம் என்று விரலை வைப்பதற்குள் அழித்துவிட்டாய். அந்த இடத்தில் இப்போது "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று ஒரு வரிதான் இருக்கிறது. போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் பை கடைக்கு உன் மச்சான் வந்தால் "பாய் வெளிய போயிருக்காரு" என்கிறார்கள். அதனால்தான் காகிதம். இதை நீ கிழித்துப் போடலாம். ஆனால் எழுதியதை நான் எழுதவில்லை என்று ஆக்க முடியாது.

நீ அதை அனுப்பியபோது நான் எங்கே இருந்தேன் தெரியுமா? அடையாறு ஆஸ்பத்திரியில், கையில் பெயர்ப் பட்டை கட்டி, பச்சை அங்கி போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டில் உனக்கு. விரிப்பு மாற்றி, தலையணைக்குப் புது உறை போட்டு வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் உன் சிறுநீரகம் ஒன்றை எடுத்து எனக்கு வைப்பதாக இருந்தது.

"லாத்தா, ஹஜ்ரத்துகிட்ட கேட்டேன். மார்க்கத்துல கூடாதாம். உடம்பு அல்லாஹ்வோட அமானிதமாம். நான் இன்னா பண்றது? துஆ செய்றேன்." இவ்வளவுதான். பின்னால் ஆட்டோ ஹாரன் சத்தம். நடுத்தெருவில் நின்றுகொண்டு பேசியிருக்கிறாய்.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய் இரண்டு வருஷமாகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் கிடந்துவிட்டு, மற்ற நாளில் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்துகிறேன். உன் மச்சான் காஷிஃபுக்குச் சர்க்கரை இருப்பதால் அவரிடமிருந்து எடுக்க முடியாது என்றார்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம், வயதும் ஆகிவிட்டது. நீ மட்டும்தான் பொருந்தினாய். ஒவ்வொரு பரிசோதனைக்கும் என்னோடு வந்தாய். அந்த ஒருங்கிணைப்பாளர் பெண் கீர்த்தி உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாராச்சும் கட்டாயப்படுத்துறாங்களா சார்?" என்று கேட்டதையும், இல்லை என்று நீ சொன்னதையும் வெளியே வந்து நீதானே சிரித்துக்கொண்டே சொன்னாய்?

அம்மா வராந்தாவில் கஞ்சி ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். "இன்னாடி, தம்பி வந்துக்கினு கீறானா?" என்று கேட்டாள். உன் குரலைப் போட்டுக் காட்டலாம் என்றால் அதையும் அழித்துவிட்டாய். நீ மாட்டேன் என்றதை என் வாயால் அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

எனக்குப் பதில் வேண்டும். எந்த ஹஜ்ரத்? அவரிடம் என்ன கேட்டாய்? அவர் என்ன சொன்னார்? இத்தனை மாதம் தோன்றாத சந்தேகம் கட்டிலில் விரிப்பு மாற்றிய அன்றைக்கா தோன்றியது?

உம்மே ஹானி

*

தி. நகர்
18 நவம்பர் 2024

லாத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் மீதும் மச்சான், அம்மா, உன் மகள் அதீபா மீதும் அல்லாஹ்வின் ரஹ்மத் இறங்கட்டும்.

உன் கடிதம் கிடைத்தது. கோபத்தில் எழுதியிருக்கிறாய். நோயாளியின் கோபத்தை நான் பொருட்படுத்தக் கூடாது.

நான் கேட்டது கடைக்குப் பின்னால் இருக்கும் பள்ளிவாசல் இமாம் ஷரஃபுதீன் ஹஜ்ரத்திடம். ஓதிப் படித்தவர். இந்த உடம்பு நமக்குச் சொந்தமில்லை, அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம், ஒப்படைத்த பொருளை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது என்று விளக்கினார். மய்யித்தின் எலும்பை முறிப்பதும் உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதும் ஒன்றுதான் என்று வரும் ஹதீஸையும் சொன்னார். செத்தவருக்கே அந்தக் கண்ணியம் என்றால், உயிரோடு இருக்கும் என் வயிற்றைக் கிழிக்க நானே எப்படிச் சம்மதிப்பது? நம் நாட்டுப் பெரியவர்கள் பலர் இப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்களாம். இதில் என் சொந்த விருப்பு வெறுப்பு எங்கே இருக்கிறது, சொல். நாளை மறுமையில், மஹ்ஷரில் அல்லாஹ் கேட்டால் பதில் சொல்லப்போவது நீயா, நானா?

முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும் என்பது சரிதான். கடை, அலைச்சல், தீபாவளி வியாபாரம் என்று நாள் ஓடிவிட்டது.

அம்மா போன் செய்து அழுதாள். இதே விஷயத்தை அவளுக்கும் எடுத்துச் சொன்னேன். அவள் புரிந்துகொண்டாள். உனக்குத்தான் புரியவில்லை. நான் கோழை என்று நீ மச்சானிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கூடப் பிறந்தவனைப் பற்றி அப்படிப் பேசுவது உனக்கு அழகில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என் மனைவி நாஸியாவை இதில் இழுக்க வேண்டாம். அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

மக்காவுக்கு உம்ரா போய் வந்தவர் ஒருவர் ஜம்ஜம் தண்ணீர் தந்தார். மச்சானிடம் கொடுத்தனுப்புகிறேன். டாக்டர் சொல்லும் அளவு பார்த்துக் குடி. ஐந்து வேளையும் உனக்காகக் கையேந்துகிறேன்.

தௌசீஃப்

*

மயிலாப்பூர்
2 டிசம்பர் 2024

தௌசீஃப்,

நாஸியாவை நான் இழுக்கவே இல்லையே. என் கடிதத்தில் அவள் பெயரே கிடையாது. கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொன்னாய்?

போன வாரம் காஷிஃப் உன் கடைக்குப் பின்னால் இருக்கும் பள்ளிவாசலில் அஸர் தொழப் போனார். நான்தான் போகச் சொன்னேன். தொழுகை முடிந்ததும் ஷரஃபுதீன் ஹஜ்ரத்திடம் பேசியிருக்கிறார். அங்கே நடந்ததைக் காஷிஃப் சொன்னபடியே எழுதுகிறேன்.

"உங்க மச்சினன் வந்தாரு பாய், நல்லா நெனவு கீது. இந்த விஷயத்துல மார்க்கம் படிச்ச ஆலிம்கள்கிட்ட ரெண்டு கருத்து இருக்குன்னு சொன்னேன். உடம்பு அமானிதம், கொடுக்கக் கூடாதுன்னு ஒரு சாரார் சொல்றாங்க. உசிரைக் காப்பாத்துற கட்டாயத்துக்குக் கூடும்னு இன்னொரு சாரார், அவங்களும் சின்ன ஆளுங்க இல்ல. ஆனா அவங்க நிபந்தனை போடுறாங்க. வேற வைத்தியம் இல்லாம இருக்கணும், குடுக்கிறவர் உசிருக்கு ஆபத்து வரக் கூடாது, விக்கிறது வாங்குறது கூடாது, முக்கியமா குடுக்கிறவருக்கு மனசு இருக்கணும். ரெண்டையும் சொல்லிட்டு, எனக்குத் தனிப்பட்ட முறையில கூடும்னு சொல்றவங்க பக்கம்தான் சாய்வுன்னும் சொன்னேன்."

காஷிஃப், "அப்போ அவன் ஏன் கூடாதுன்னு வந்து சொன்னான்?" என்று கேட்டிருக்கிறார்.

ஹஜ்ரத் சொன்னாராம்: "அவரு மொகம் சரியில்ல பாய். அதனால நானே சொன்னேன். தம்பி, உங்களுக்கு மனசில்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. தன் உறுப்பைக் குடுக்கிறது யார் மேலயும் கடமை இல்ல. மறுக்கிறதுல பாவமும் இல்லன்னு."

தௌசீஃப், அவர் சொன்னது இரண்டு. நீ கொண்டுவந்தது ஒன்று. மறுத்தால் பாவமில்லை என்று உன் கையைப் பிடித்து வழியும் காட்டியிருக்கிறார். அந்த வழியாக வந்து, "லாத்தா, எனக்குப் பயமா இருக்கு, என்னால முடியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. அன்று அழுதிருப்பேன். உன்மேல் கோபமும் வந்திருக்கும். ஆனால் உன்னை நம்பியிருப்பேன். உன் சிறுநீரகம் உன்னுடையது, அதை ஏன் தரவில்லை என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. நீ பயந்தாய், அதைச் சொல்ல வெட்கப்பட்டு அல்லாஹ் மறுத்ததாகச் சொன்னாய். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் வார்த்தை என்னோடு நிற்கவும் இல்லை. இறந்தவர்களின் குடும்பம் கொடுக்கும் உறுப்புக்குப் பதிவு செய்து வைக்கலாம், என் ஏபி ரத்த வகைக்கு வரிசை அவ்வளவு நீளமில்லை என்று கீர்த்தி சொன்னாள். அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உயிரோட கீறவன் குடுத்தாலே கூடாதுன்னு தம்பி கேட்டுக்கினு வந்து சொன்னான். நீ மய்யித்துகிட்டயிருந்து புடுங்குறேன்றியா?"

"புடுங்குறது இல்லம்மா. அவங்க வீட்டு ஆளுங்க மனசார குடுக்கிறாங்க."

"இதயம் துடிச்சிக்கினு இருக்கறப்பவே எடுப்பாங்களாமே? ரூஹு பிரிஞ்சிச்சான்னு டாக்டருக்கு இன்னா தெரியும்?"

ஆலிம்களே இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கும் கேள்வி அது. அதை அவள் கேட்டதில் தப்பே இல்லை. மூளை செத்துவிட்டால் மரணம்தான் என்று ஏற்பவர்களும் இருக்கிறார்கள், ஏற்காதவர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லி, ஹஜ்ரத் காஷிஃபிடம் சொன்னதையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு ஒரே வாக்கியம் சொன்னாள்: "தம்பி எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான்."

உன் சிறுநீரகத்தைக் கேட்டு இதை எழுதவில்லை. அதை இனிக் கேட்கவும் மாட்டேன். மயிலாப்பூருக்கு வா. அம்மா முன்னால் உட்கார்ந்து, ஹஜ்ரத் இரண்டு கருத்தும் சொன்னார் என்று மட்டும் சொல். உன்னிடம் கேட்பது இவ்வளவுதான்.

உம்மே ஹானி

*

தி. நகர்
9 டிசம்பர் 2024

லாத்தா,

மச்சானை அனுப்பி என்னைப் பற்றி விசாரித்திருக்கிறாய். நான் தினமும் தொழுகிற பள்ளிவாசலில். இப்போது ஹஜ்ரத் என்னைப் பார்த்தால் ஸலாம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். உனக்குத் திருப்திதானே.

நீ கேட்டதெல்லாம் போதும். இப்போது நான் ஒன்று கேட்கிறேன். சிறுநீரகம் தருகிறேன் என்று நான் எப்போது சொன்னேன்? நன்றாக யோசித்துப் பார். மச்சானுக்கு முடியாது என்று தெரிந்த அன்று உன் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "இன்னாத்துக்குக் கவலப்படுற, தம்பி கீறான்ல" என்றாள். நீ என்னைப் பார்த்து அழுதாய். அதீபா ஓடி வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். நான் தலையாட்டினேன். எனக்குச் சம்மதமா என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? அந்தக் கீர்த்தி ஒருத்திதான் கேட்டாள். கதவுக்கு வெளியே அம்மா உட்கார்ந்திருக்கும்போது அவளிடம் நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

ஒவ்வொரு பரிசோதனைக்கும் போகும்போது ஏதாவது ஒன்றில் பொருந்தாமல் போய்விடாதா என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். எல்லாம் பொருந்தியது. நாஸியா ஐந்தாம் மாதம். போன தடவை கரு கலைந்தபோது அவளுக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். "எனக்கு ஏதாச்சும் ஆயி, உங்களுக்கும் ஏதாச்சும் ஆனா இந்தப் புள்ளைய யார் பார்ப்பாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

கட்டிலில் விரிப்பு மாற்றினார்கள் என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தேன். பையும் கையில் இருந்தது. கால் உள்ளே போக மறுத்துவிட்டது.

அம்மாவிடம் வந்து சொல்லச் சொல்கிறாய். அத்தா மவுத்தான பிறகு அவள் எனக்குத் தெரிந்து எவனையும் நம்பியதில்லை, என்னைத் தவிர. மார்க்கத்தைச் சொல்லி ஏமாற்றினேன் என்று அவள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. வேறு எதை வேண்டுமானாலும் கேள்.

தௌசீஃப்

*

மயிலாப்பூர்
27 மார்ச் 2025

தௌசீஃப்,

மூன்று மாதத்துக்கு மேல் உனக்கு எழுதவில்லை. நீ கேட்டதில் நியாயம் இருந்தது, அதனால்தான். உன்னிடம் நாங்கள் கேட்கவில்லை. உன் தலையாட்டலையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அதோடு இதை விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். அம்மாவை மீறி ஆஸ்பத்திரியில் பதிவு செய்துகொண்டேன், காஷிஃப் கூட வந்தார். அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை, ஆனால் உப்பில்லாமல் தனியாகச் சமைத்து வைப்பாள். காலம் அப்படியே போய்க்கொண்டிருந்தது.

இப்போது எழுதுவது வேறு விஷயம்.

டயாலிசிஸில் என் பக்கத்து நாற்காலி சுந்தரவல்லி அக்காவுடையது. மந்தைவெளியில் பூக்கடை வைத்திருப்பவர். இந்தத் திங்கட்கிழமை அந்த நாற்காலி காலியாக இருந்தது. எங்கள் இடத்தில் நாற்காலி காலியாக இருந்தால் யாரும் வாய்விட்டு ஏன் என்று கேட்பதில்லை. நர்ஸே சிரித்துக்கொண்டு வந்து சொன்னார், "நல்ல சேதிதான் மேடம். வெள்ளிக்கிழம அவங்களுக்குக் கிட்னி கெடைச்சிடுச்சி. ஆபரேஷன் முடிஞ்சி நல்லா இருக்காங்க." எனக்கும் சந்தோஷமாக இருந்தது, சத்தியமாக. அப்போது கீர்த்தி வந்தாள். என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே மேடம்? முடிவு உங்க வீட்டோடதுதான், நாங்க மதிக்கிறோம்."

"எந்த முடிவு?"

அவள் முகம் மாறிவிட்டது.

வெள்ளிக்கிழமை முதலில் கூப்பிட்டது என்னைத்தான், தௌசீஃப். வரிசையில் நான்தான் முன்னால் இருந்தேன். அன்று பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு, எனக்கு அறைக் கண்காணிப்பு. போனை அணைத்து அலுவலகத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காஷிஃப் ஜும்ஆ தொழுகைக்காகப் போனை அணைத்திருந்தார். மூன்றாவதாகக் கொடுத்திருந்தது வீட்டில் இருக்கும் அம்மாவின் செல் எண். அம்மா எடுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா நோன்போடு முஸல்லா விரிப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளிக்கிழம ஆஸ்பத்திரியிலயிருந்து போன் வந்திச்சாம்மா?"

"வந்திச்சி."

"இன்னா சொன்னே?"

"எங்களுக்கு வேணாம், எங்க மார்க்கத்துல கூடாதுன்னு சொன்னேன். உங்க வார்த்தைய நம்பலாமாம்மான்னு அந்தப் பொண்ணு ரெண்டு வாட்டி கேட்டுச்சி. நான் அவ அம்மா, நான் சொல்றேன், வேற யாருக்காச்சும் குடுங்கன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியேம்மா."

"கேட்டா நீ போயிருப்ப." என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் அசையவில்லை. "உன் உசிரு அல்லாஹ் கையில கீது. அதை அவன் பாத்துப்பான். ஹராமான ஒண்ண உடம்புல வெச்சிக்கினு நாளைக்கு நீ அவன் முன்னாடி போயி நிக்கறத நான் பாத்துக்கினு இருக்கணுமா? தம்பிக்கே மனசு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும், அவனே மார்க்கத்துக்குக் கட்டுப்பட்டு ஒதுங்கிட்டான்ல?"

சொந்த மகள் சாகட்டும் என்று அவள் சொல்லவில்லை. என் மறுமையைக் காப்பாற்றுவதாக நம்பித்தான் அந்தப் போனில் அப்படிச் சொல்லியிருக்கிறாள். அதனால் அவள்மேல் என்னால் கத்தக்கூட முடியவில்லை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அதீபா வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் உன் கால் உள்ளே போகவில்லை என்று எழுதினாய், அதை நான் நம்பினேன். மயிலாப்பூர் வாசலுக்கு வருவதில் உனக்கு என்ன ஆபரேஷன்? ஒரு வாக்கியம் கேட்டேன். அதைச் சொல்லியிருந்தால் அம்மா அந்தப் போனை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ பிடித்திருப்பாள்.

நவம்பரில் நீ எனக்கு ஒன்றைத் தரவில்லை, அவ்வளவுதான். இந்த மாதம் இன்னொருவர் தந்ததை என்னிடம் வரவிடாமல் செய்திருக்கிறாய்.

பதில் எழுத வேண்டாம்.

உம்மே ஹானி

*

தி. நகர்
3 ஏப்ரல் 2025

லாத்தா,

பதில் எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெருநாள் அன்று நான் வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். நீ டயாலிசிஸுக்குப் போயிருந்தாய். நீ இல்லாத நேரமாகப் பார்த்து வந்தேன் என்று நினைப்பாய். ஆமாம், அப்படித்தான் வந்தேன்.

அம்மா பிரியாணித் தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். சாப்பிடாமல், "அம்மா, ஹஜ்ரத் கூடாதுன்னு மட்டும் சொல்லல. கூடும்னும் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன். எனக்குப் பயமா இருந்திச்சி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

என்னை அடிப்பாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்போ வெள்ளிக்கிழம போன்ல நான் சொன்னது?" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என் தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மச்சான் கூப்பிட்டார், அதீபா கூப்பிட்டாள், திறக்கவில்லை. நான் மாலை வரை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

லாத்தா, நான் சுற்றி வளைக்கவில்லை. நாஸியாவுக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவம். அது முடிந்ததும் நானே கீர்த்தியைப் போய்ப் பார்க்கிறேன். எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து செய்யட்டும். என்னுடையதை எடுத்துக்கொள். இந்தத் தடவை யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். இப்படியே என்னால் நடமாட முடியவில்லை. கடையில் உட்கார முடியவில்லை, தொழுகையில் நிற்க முடியவில்லை.

என்னை மன்னித்துவிடு.

தௌசீஃப்

*

மயிலாப்பூர்
8 ஏப்ரல் 2025

தௌசீஃப்,

வேண்டாம்.

வீம்புக்காகச் சொல்லவில்லை. அன்று அம்மாவுக்குப் பயந்து தலையாட்டினாய். இன்று குற்றம் உறுத்துவதால் தருகிறேன் என்கிறாய். இப்படியே நடமாட முடியவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். நீ நிம்மதியாக நடமாடுவதற்காக உன் வயிற்றைக் கிழிக்க நான் சம்மதிக்க மாட்டேன். அப்படி வாங்கினால் ஒவ்வொரு நாளும் அதை உனக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியவள்போல வாழ வேண்டியிருக்கும்.

நாஸியாவுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். அதற்கு துஆ செய்கிறேன்.

அம்மா மூன்றாம் நாள்தான் சரியாகச் சாப்பிட்டாள். உன் பெயரை எடுப்பதில்லை.

உம்மே ஹானி

*

தி. நகர்
2 செப்டம்பர் 2025

லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மச்சான் போன் செய்தார். அல்ஹம்துலில்லாஹ். அன்று கடையை அடைத்துவிட்டு நன்றி சொல்லி ஷுக்ரானா தொழுதேன்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது என்று கேள்விப்பட்டிருப்பாய். நான்கு மாதம் முடிந்துவிட்டது. அவளை லாத்தாவிடம் காட்ட வேண்டும் என்று நாஸியா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் உன்னைப் பார்க்க வரலாமா? தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் எழுதுகிறேன்.

தௌசீஃப்

*

மயிலாப்பூர்
14 செப்டம்பர் 2025

தௌசீஃப்,

வ அலைக்கும் ஸலாம். இன்றைக்குத்தான் பேனா பிடிக்கும் அளவுக்குக் கை நடுக்கம் குறைந்தது. மருந்து அப்படி.

அந்தப் போன் வந்த அன்று மறுபடியும் எடுத்தது அம்மாதான். இந்தத் தடவை நான் வீட்டில்தான் இருந்தேன், துணி மடித்துக்கொண்டு. "கீர்த்தி பேசுறேன்" என்றதும் அம்மா எழுந்துவிட்டாள். "இரும்மா, வெச்சிடாதே, அவ கீறா, அவகிட்டயே குடுக்கிறேன், வெச்சிடாதே" என்று கத்திக்கொண்டே மூன்றடித் தூரத்தை ஓடி வந்தாள். போனை என் கையில் திணித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சரி என்று சொல்லி முடிக்கும்வரை என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கொடுத்தவர் யார் என்று சொல்ல மாட்டார்கள், அதுதான் முறை. எங்கேயோ ஒரு வீட்டில், உடம்பு சூடாக இருக்கும்போதே யாரோ சரி என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் எத்தனை பேர் கூடாது என்று சொல்லியிருப்பார்கள், எப்படித் தாங்கினார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும், "யா அல்லாஹ், அந்தப் புள்ளையப் பெத்தவளுக்குப் பொறுமையக் குடு" என்கிறாள். அது பிள்ளைதானா, பெற்றவள் இருக்கிறாளா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. எந்த மார்க்கத்து ஆள் என்று அம்மா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ரூஹு எப்போது பிரிகிறது என்ற கேள்வி அவளுக்கு இன்னும் தீரவில்லை. ஷரஃபுதீன் ஹஜ்ரத்தைத் தானே போனில் கூப்பிட்டுக் கேட்டாள். நெடுநேரம் பேசினார்கள். கடைசியில், "எனக்கு முழுசா வெளங்கல. வெளங்காதத நானே தடுக்கக் கூடாதுன்னு மட்டும் வெளங்குது" என்று சொல்லிவிட்டு வைத்தாள். சுந்தரவல்லி அக்கா மல்லிகைப் பூ கொடுத்தனுப்பினார். அம்மா அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அக்கா வீட்டுக்கு ஒரு நாள் போக வேண்டும் என்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

நோய்த் தொற்று வரும், மூன்று மாதத்துக்கு யாரையும் அறைக்குள் விடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். "டாக்டர் கூடாதுங்கிறார், என்ன செய்வது" என்று எழுதி அனுப்பினால் உனக்கும் மனம் நோகாது, எனக்கும் வேலை முடிந்துவிடும். காலையில் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். பிறகு அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

டாக்டர் சொன்னது உண்மைதான். ஆனால் உன்னை வர வேண்டாம் என்று சொல்வது டாக்டர் இல்லை, நான். உன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகும், அதனால் எழுதவில்லை. அந்த மனம் எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் நானே கூப்பிடுகிறேன்.

நாஸியா வரட்டும், குழந்தையைக் கொண்டுவரட்டும். நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்கிறேன். அம்மா குழந்தைக்காக ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறாள்.

உம்மே ஹானி